கவிழ்த்து ஒட்டிய முகம்

உள்ளங்கையில் ரேகைகளைக் காணவில்லை.

முதலில் அதை வெள்ளைப் பூச்சின் வேலை என்றுதான் கொதோஜி நினைத்தான். பெண்வேடம் கட்டுகிறவனுக்குத் தன் தோல் என்று தனியாக ஒன்று மிஞ்சுவதில்லை. முகம், கழுத்து, காது மடல், விரலிடுக்கு என்று எல்லா இடத்திலும் வெள்ளை ஏறி உட்கார்ந்துகொள்ளும். எத்தனை தடவை கழுவினாலும் கொஞ்சம் போகாமல் நிற்கும். வெந்நீரில் கைகளை முக்கி, தவிட்டுப் பையால் அழுத்தித் தேய்த்தான். தோல் சூடானதே தவிர ஆயுள் ரேகையும் வரவில்லை, வேறெந்த ரேகையும் வரவில்லை. இரண்டு உள்ளங்கையும் நனைத்துக் காயவைத்த தாள் மாதிரி வழவழவென்று கிடந்தன.

"ஒரிகு, இங்க கொஞ்சம் வாயேன். இந்தக் கையைப் பாரு."

அவன் மனைவி ஒரிகு மாடிப்படியில் கஞ்சிக் கிண்ணத்தோடு ஏறி வந்தாள். குனிந்து பார்த்தாள். ஆச்சரியப்படவில்லை.

"எத்தனை வருஷத்துப் பூச்சு. தேஞ்சிருக்கும்."

"தேஞ்சா இப்படியா தேயும்? ஒரு கோடு கூட இல்லையேடி."

"கோடு இருந்தப்போ மட்டும் என்னத்தை வாரிக் குவிச்சுட்டீங்க? கஞ்சி ஆறுது, குடிங்க."

அவன் சிரித்தான். அவள் வாய் அப்படித்தான். ஜப்பானின் எடோ நகரத்து நாடகத் தெருவில் பிறந்து வளர்ந்தவள். கிண்டல் இல்லாமல் அவளுக்குப் பேச வராது. ஆனால் சிரித்து முடித்த பிறகுதான் அவன் அதைக் கவனித்தான்: அறையின் மூலையில், மூங்கில் கழியில், அவனுடைய வெளிர்நீல அங்கி தொங்கிக்கொண்டிருந்தது. கற்பூர வாசனை மூக்கில் ஏறியது.

"அதை எதுக்கு வெளியே எடுத்த?"

"பூச்சி அரிக்குதுங்க. காத்தாடட்டும்."

அந்த அங்கியை அவன் மினாசே கொதோஜி என்ற மேடைப் பெயரை ஏற்ற நாளில், மேடையில் மண்டியிட்டு ஊரை வணங்கியபோது உடுத்தினான். நடிகன் அதை வாழ்நாளில் சில தடவை உடுத்துவான். சாவுப்படத்தில் கடைசியாக ஒரு தடவை.

சாவுப்படம் இல்லாமல் எடோவில் எந்த நடிகனும் செத்ததாகக் கணக்கில்லை. வெளிர்நீல அங்கி, கையில் கல்லறைக்கு வைக்கும் பசுங்கிளை, ஓரத்தில் இறந்த நாள். அதை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு தெருவில் நின்று அழுதால்தான் இந்த ஊருக்குத் திருப்தி. படம் அச்சடித்து விற்கும் பதிப்பாளர்களுக்கோ பொறுமை என்பதே கிடையாது. ஒரு நடிகன் தும்மினால் சாவுப்படத்துக்கான அச்சுப் பலகை தயாராகிவிடும். காய்ச்சலில் கிடந்த கோமாளி நடிகன் ஒருவன் எழுந்து கடைக்குப் போய், தன் சாவுப்படத்தைத் தானே கேட்டு வாங்கிச் சிரித்த கதையைக் குளியல் கூடங்களில் இன்றும் சொல்வார்கள். அதற்குப் பிறகு அவன் எந்த மேடையிலும் தென்படவில்லை என்பதை மட்டும் யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

கொதோஜிக்கு அந்த நினைப்பே பிடிக்கவில்லை. கோடைக்குப் பிறகு அவன் மேடையேறவில்லை. வலது கை நடுங்கியது. விசிறியைப் பிடித்தால் விசிறி தானாகப் படபடத்தது. ஆனால் அடுத்த மாதம் முகங்காட்டும் ஆட்டம். வரும் வருஷத்துக்கு யார் யார் தங்கள் நடிகர்கள் என்று ஒவ்வொரு அரங்கும் ஊருக்குக் காட்டும் நாள். அன்றைக்கு மேடையில் முகத்தைக் காட்டாதவனை ஊர் தலைமுழுகிவிடும். அதனால் அவன் தினமும் கஞ்சி குடித்தான், விசிறியைப் பிடித்துப் பழகினான், கை கேட்காதபோது அதைத் திட்டினான். மேடைக்குத் திரும்ப வேண்டும். அவனுக்கு வேறு எதுவும் வேண்டாம்.

ஓவியன் தோசென் போன வாரம் வந்து அவனை வரைந்துகொண்டு போனதும் அந்த ஆட்டத்துக்காகத்தான். அப்படித்தான் சொன்னான். இருவரும் மீசை முளைக்காத வயதிலிருந்து சிநேகிதர்கள். கொதோஜியின் முகத்தை எடோவுக்குக் கொடுத்ததே தோசெனின் தூரிகைதான். அரங்கத்தில் காலே வைக்காத மலைநாட்டுக்காரன் கூடத் தன் வீட்டுத் தூணில் அந்த முகத்தை ஒட்டி வைத்திருந்தான். இந்த முறை பூச்சு வேண்டாம், வெறும் முகத்தோடு உட்கார் என்றான் தோசென். வரைந்து முடித்ததும் தாளைச் சுருட்டிச் சட்டைக் கைக்குள் செருகிக்கொண்டான். எத்தனையோ வருஷத்தில் வரைந்ததை அவனுக்குக் காட்டாமல் போனது அதுதான் முதல் தடவை. கீழே வாசலில் அவனும் ஒரிகுவும் வெகுநேரம் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டின் பின்சுவருக்கு அப்பால், ஒரு சந்து தாண்டி, படம் செதுக்கி அச்சடிக்கும் பட்டறை இருந்தது. அங்கிருந்து உளியின் சத்தம் நாள் முழுக்க வரும். வண்டிச் சத்தம் மாதிரி, பழகிப்போனவனுக்கு அது காதில் விழுவதே இல்லை. இப்போது விழுந்தது. டக், டக், டக் என்று, பெரிய உளி பலகையின் வெற்றிடத்தைக் கொத்தி எடுக்கிற சத்தம். பிறகு அது நின்றது. நின்றதும் கொதோஜிக்கு என்ன நடக்கிறது என்று தெரிந்துவிட்டது, ஏனென்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும்: முகத்தையும் கேசத்தின் ஓரத்தையும் செதுக்கும்போது சத்தம் வராது. மூத்த செதுக்குகிறவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கத்தி முனையால், மயிரிழை மயிரிழையாகக் கீறுவார்.

நெற்றியின் மேலோரத்தில், மயிர் முளைக்கும் கோட்டில், அவனுக்கு அரிக்கத் தொடங்கியது. எறும்பு ஊர்வது போல மெல்லிய அரிப்பு, இடப்பக்கம் தொடங்கி, ஒழுங்காக, ஒரு மயிர்க்காலும் விடாமல் வலப்பக்கம் போனது. பிறகு புருவம். பிறகு இமையின் மடிப்பு. விரலால் தடவினான். நெற்றியில் மூன்று சுருக்கம் இருந்திருக்க வேண்டும். இல்லை. கண்ணோரத்தில் சிரித்துச் சிரித்து விழுந்த கீற்றுகள். இல்லை. கண்ணாடியைத் துணிபோட்டு மூடியே வைத்திருந்தான். எடுத்துப் பார்க்க மனம் வரவில்லை.

மறுநாள் வேறு சத்தம் வந்தது. சர்... சர்... சர் என்று, வட்டம் வட்டமாக, மூங்கில் உறை சுற்றிய தேய்ப்பானால், பலகைமேல் விரித்த ஈரத்தாளின் முதுகைத் தேய்க்கிற சத்தம். வெளியே ஆலங்கட்டியும் மழையும் கலந்து கூரையில் விழுந்துகொண்டிருந்தது. அதையும் மீறி அது கேட்டது. ஊறவைத்த தாளின் வாசனையும் கூழ்ப்பசையின் புளித்த வாசனையும் பின்சுவர் வழியாகக் கசிந்து, அறையிலிருந்த கற்பூர வாசனையோடு கலந்தன. ஒவ்வொரு தேய்ப்புக்கும் அவன் முதுகெலும்பில் யாரோ உள்ளங்கையை வைத்து அழுத்துவது போல இருந்தது.

வெள்ளரி ஊறுகாயைக் கடிக்கும்போது உதட்டையும் சேர்த்துக் கடித்துவிட்டான். நன்றாகவே வலித்தது. துடைத்த துணியைப் பார்த்தான். துணி நனைந்திருந்தது. அவ்வளவுதான். சிவப்பு இல்லை. தண்ணீர்.

ஒரிகு பக்கத்தில் உட்கார்ந்து அவன் உதட்டைப் பார்த்தாள். சோறு வெந்துவிட்டதா என்று பதம் பார்க்கிறவளின் பார்வை அது.

"சிவப்பு போயிடுச்சு," என்றாள், தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல.

"என்ன சொன்ன?"

"ஒண்ணுமில்லைங்க. படுங்க. நான் கடைக்குப் போயிட்டு வந்துடறேன்."

அவள் படியிறங்கும் சத்தம் கேட்டது. முன்வாசல் திறக்கவில்லை. பின்வாசல் திறந்தது.

பின்சந்தில் கடை எதுவும் இல்லை.

சட்டையின் கையை மேலே தள்ளித் தன் மணிக்கட்டைப் பார்த்தபடி அவன் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். மெலிந்த கை; நீல நரம்புகள் எப்போதும் துருத்திக்கொண்டிருக்கும். சுவருக்கு அப்பால் தேய்ப்பு மறுபடி தொடங்கியது. சர். நீலம் கொஞ்சம் வெளிறியது. சர். இன்னும் கொஞ்சம். அங்கி பெரிது, நீலம் நிறையத் தேவைப்படும். நரம்புகள் ஒவ்வொன்றாகத் தோலுக்குள் மங்கி அணைந்தன.

அவன் எழுந்தான். செருப்புப் போடத் தோன்றவில்லை. சந்தைக் கடந்து, பட்டறையின் பின்கதவைத் தள்ளினான்.

உள்ளே பகலிலும் அரையிருட்டு. தலைக்கு மேலே கயிறு கயிறாக ஈரத்தாள்கள் தொங்கின. எல்லாவற்றிலும் அவன். வெளிர்நீல அங்கியில், பசுங்கிளையைக் கையில் பிடித்து, தலையைச் சற்றே சாய்த்து. எத்தனை அவன்கள்! காற்று வந்தபோது எல்லோரும் சேர்ந்து அசைந்தார்கள். கேசத்துக்குக் கறுப்பு இன்னும் ஏறவில்லை; கண்ணுக்கு விளிம்பு மட்டும் இருந்தது, மணி இல்லை. கேசமும் கண்மணியும் ஒரே கறுப்புக் கட்டையில் வரும். அதைக் கடைசியில் அடிப்பார்கள்.

தாள்களுக்கு அந்தப் பக்கம் கணப்பின் அருகே இரண்டு பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள்.

"கண்ணோரத்துச் சுருக்கம் வேணாம்னு சொன்னேனேண்ணா." ஒரிகுவின் குரல்.

"எடுத்தாச்சும்மா. நல்லா வெளிச்சத்துல வெச்சுப் பாரு." தோசென்.

"ம். ஆமாம். இவரைக் கட்டிக்கிட்டப்போ இப்படித்தான் இருந்தாரு."

அவள் தாளின் கன்னத்தை ஒரு விரலால் தடவினாள். அவ்வளவு மெதுவாக அவள் அவனைத் தொட்டு எத்தனையோ காலமாகிவிட்டது. அவன் தன் கன்னத்தில் கை வைத்துப் பார்த்தான். அங்கே ஒன்றும் படவில்லை.

"நாள் போடற இடத்தைச் செதுக்காம விட்டிருக்கு," என்றான் தோசென். "துண்டுக் கட்டை சொருகிக்கலாம். என்ன நாள் போடச் சொல்ல?"

கணப்பில் கரி வெடித்தது. ஒரிகு தாளின் ஓரத்தை நீவினாள். அவள் யோசிக்கிறாள், மறுக்கப் போகிறாள், தாளைக் கிழித்துத் தோசெனின் முகத்தில் எறியப் போகிறாள் என்று கொதோஜி நம்பினான். முழுமனதாக நம்பினான்.

"நாளைக்குன்னே போட்டுடுங்கண்ணா," என்றாள்.

அவன் தாள்களை விலக்கிக்கொண்டு வந்து நின்றான். அவர்கள் திடுக்கிடவில்லை. அடுப்படிக்குப் பூனை வந்தால் திரும்பிப் பார்ப்பது போலத் திரும்பினார்கள்.

"அடக் கடவுளே, வெறுங்காலோட வந்துட்டீங்களே!" ஒரிகு எழுந்து வந்து அவன் சட்டைக் கழுத்தை இழுத்துச் சரிசெய்தாள்.

"நான் சாகப்போறேன்னு யாருடி உங்கிட்ட சொன்னது?"

"யாரும் சொல்லல. நான்தான் எல்லார்கிட்டயும் சொன்னேன்."

"தோசென். நீயுமாடா?"

தோசென் எழுந்தான். ஒரு தாளைக் கயிற்றிலிருந்து எடுத்து அவன் முன்னால் விரித்தான். "கொதோ, நீயே பாரு. உன்னைவிட இது நல்லா இருக்கா இல்லையா? மனசைத் தொட்டுச் சொல்லு."

நன்றாகத்தான் இருந்தது. தோசென் வரைந்ததிலேயே அதுதான் அழகு. இத்தனை நாள் தன்னைப் பார்த்த சிநேகிதன் தன்னைப் பார்க்கவேயில்லை, இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான் என்று கொதோஜிக்குப் புரிந்தது.

"கை சரியாயிடும்டா. அடுத்த மாசம் மேடையில நிப்பேன். நின்னு காட்டறேன்."

"நிப்பீங்க," என்றாள் ஒரிகு. "விசிறி கைநழுவிக் கீழ விழும். எவனாவது ஒருத்தன் சிரிப்பான். அப்புறம் மொத்தக் கொட்டகையும் சிரிக்கும். உங்களைப் பார்த்து ஊர் சிரிக்கறதைக் கேக்க எனக்குத் தெம்பில்லைங்க."

அன்பாகத்தான் சொன்னாள். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

"அந்த வரைஞ்ச தாளையாவது குடு," என்றான் தோசெனிடம். "அன்னிக்கு என் எதிரே உக்காந்து வரைஞ்சியே. அந்த அசலைக் குடுத்துடு."

தோசென் சிரித்தேவிட்டான். "அசலா? உனக்குத் தெரியாததா? முகத்தைக் கவிழ்த்துப் பலகையில ஒட்டி, அதுமேலயே கத்தியை விடறோம். அசலை வெச்சுக்கிட்டா படம் எங்கேருந்துடா வரும்?"

கொதோஜி தரையைப் பார்த்தான். செரி மரச் சீவல்கள் குவிந்து கிடந்தன. அவற்றுக்கு நடுவே ஈரமாக, வெங்காயத் தோல் போல, தாள் துணுக்குகள். ஒன்றில் புருவத்தின் வால். ஒன்றில் பாதி உதடு. ஒன்றில் ஒரு கண், முழுதாக. மண்டியிட்டு அள்ளிச் சட்டைக் கைக்குள் போட்டுக்கொண்டான். அவர்கள் தடுக்கவில்லை. குப்பைதானே.

ஒரிகு அவன் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தாள். மாடியில் படுக்க வைத்தாள். கஞ்சிக் கிண்ணத்தைத் தலைமாட்டில் வைத்தாள். பிறகு சன்னலை மறைக்கும் மழைக்கதவுகளை ஒவ்வொன்றாக இழுத்துச் சாத்தினாள். "காத்து வருதுங்க," என்றாள். அவள் வெளியேறியதும் அறைக்கதவின் தாழ் விழும் சத்தம் கேட்டது.

அவன் கத்தினான். பழக்கதோஷம், வந்தது மேடைக் குரல், அந்த மெல்லிய பெண்குரல். தெருவில் யாரோ, "கேட்டியா, ஒத்திகை பாக்கறாரு," என்று சொல்லிக்கொண்டு போனார்கள்.

எப்போது தூங்கினான் என்று தெரியாது. மழைக்கதவின் இடுக்கில் வெளிச்சக் கீற்று விழுந்திருந்தது. விடிந்துவிட்டது. அங்கி தொங்குவது தெரிந்தது. கிண்ணம் தெரிந்தது. தன் வெள்ளைக் கை தெரிந்தது.

சர்.

அந்தக் கீற்று மங்கியது.

சர்.

மசியின் வாசனை. சுட்ட பிசின், கரி, கொஞ்சம் கஸ்தூரி. தலை லேசானது. தடவினான். கேசம் கையோடு வரவில்லை, கேசமே இல்லை. கண்ணைக் கசக்கினான். கசக்க இமையும் இல்லை. கறுப்புப் போய்விட்டது. கறுப்புப் போனால் இருட்டு இருக்கும் என்று நினைத்திருந்தான். இருட்டு இல்லை. வெள்ளை. எங்கு திரும்பினாலும் வெள்ளை.

வெகுநேரம் கழித்துக் கீழே சத்தம். ஆட்கள். நிறைய ஆட்கள். ஊதுபத்திப் புகை படியேறி வந்தது. பெண்கள் அழுதார்கள். அவர்களுக்கு நடுவே ஒரிகுவின் அழுகை கேட்டது. நடிப்பில்லை, நிஜமான அழுகை. எதைச் செய்தாளோ அதற்காகவே அழுதாள்.

நான் இருக்கிறேன். இங்கே மேலே இருக்கிறேன்.

சொல்ல முடியவில்லை. உதடு இருக்க வேண்டிய இடம் வழவழவென்று இருந்தது.

சட்டைக் கைக்குள் விரலை விட்டான். துணுக்குகள். ஒவ்வொன்றையும் விரல் நுனியால் தடவிப் பார்த்தான். கண் எது என்று விரலுக்குத் தெரிந்தது. கிண்ணத்தைத் தேடிப் பிடித்தான். கஞ்சி உறைந்து பசையாகியிருந்தது. முகத்தில் பூசினான். ஒட்டினான்.

தெரிந்தது. கோணலாக, ஒரு சாவித் துவாரம் அளவுக்கு. ஆனால் தெரிந்தது.

பாதி உதட்டை ஒட்டினான். புருவத்தின் வாலை ஒட்டினான். கண்ணாடியின் துணியை எடுக்கவில்லை. வெளிர்நீல அங்கியை உடுத்திக்கொண்டான். கை நடுங்கவில்லை. அது வேடிக்கையாக இருந்தது. இப்போது கை நடுங்கவே இல்லை.

நடுங்காத கையால் உலுக்கி அறைக்கதவின் தாழைக் கழற்றினான். படியிறங்கினான். காகிதக் கதவைத் தள்ளினான்.

கூடம் நிறைய ஜனம், வாசல் தாண்டித் தெருவரைக்கும். ஒவ்வொருவர் கையிலும் அவன் படம், கறுப்புக் கேசத்தோடு, கறுப்புக் கண்மணியோடு. ஒரிகு வெள்ளைத் துக்க அங்கி உடுத்திக்கொண்டு முன்னால் நின்றாள். தோசென் தூணோரம் நின்றான். அழுகை நின்றது.

முகங்காட்டும் ஆட்டத்தில் எப்படியோ அப்படி, கொதோஜி மண்டியிட்டான். இரண்டு கையையும் தரையில் ஊன்றினான். தலையைத் தாழ்த்தி, மெல்ல, மிக மெல்ல, முகத்தைத் தூக்கினான்.

பின்வரிசையில் ஒருவன், கொட்டகையில் நடிகனின் குடிப்பெயரைக் கூவுகிற பழக்கத்தில், "மினாசேயா!" என்று குரல் கொடுக்கத் தொடங்கி, பாதியில் விழுங்கினான். ஒரு பெண் கையிலிருந்த படத்தைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள்.

"யாரும்மா இது?" என்றாள் பயந்த குரலில்.

"யாருமில்லை," என்றாள் ஒரிகு.

கஞ்சி இன்னும் காயவில்லை.

கண் நழுவியது. கன்னத்தில் வழுக்கி, தாடையைத் தாண்டி, காற்றில் ஒருமுறை புரண்டு, பாயில் விழுந்தது. விழுந்தும் பார்த்தது. கீழிருந்து பார்த்தான். மேலே, வெளிர்நீல அங்கிக்கு மேலே, ஒரு வெள்ளைத் தாள் அசையாமல் குனிந்திருந்தது. ஒரு கோடு கூட இல்லை. அதற்குப் பக்கத்தில் ஒரிகு.

அவள் அந்தத் தாளைப் பார்க்கவில்லை. குனிந்து பாயைப் பார்த்தாள். கண்ணோடு கண். அவளுக்குத் தெரிந்தது. அவன்தான் என்று தெரிந்தது.

பிறகு வெள்ளைக் காலுறை போட்ட பாதத்தைத் தூக்கி, ஓசைப்படாமல், யாரும் கவனிக்காதபடி, மெதுவாக அவன்மேல் வைத்தாள்.